வரப்புக்கு வெளியே நிற்போர்

காவிரிப் படுகையில் பந்து உருள்வதற்கென்று ஒரு பருவம் உண்டு. தாளடி அறுவடை முடிந்து, அந்த ஈரத்திலேயே விதைத்த உளுந்தும் பயறும் களம் சேர்ந்துவிட்டால், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரையில் வயல்கள் சும்மா கிடக்கும். வெடித்துக் கிடக்கும் அந்த வண்டல் மண்ணைச் சமன் செய்து, இரு பக்கமும் சவுக்குக் கழிகளை நட்டு, நம் பிள்ளைகள் ஆடுகளம் அமைத்துக்கொள்வர். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம்; வரப்பே கோடு. 2022-இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டபோது அப்பன் மகிழ்ந்தான், பையன் முணுமுணுத்தான். 2024-இல் ஜூலைக் கடைசி வரை திறப்புத் தள்ளிப்போனபோது அப்பனுக்குக் குறுவை போயிற்று, பையனுக்கு ஆட்டம் கூடிற்று. இவ்வாறு நீரும் பந்தும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வாழும் நாடு இது.

இந்த வரப்பைப் பற்றித்தான் எழுத விழைகிறோம். வரப்புக்கு உள்ளே ஆடும் பிள்ளைகளைக் காட்டிலும், வரப்புக்கு வெளியே நின்று கூவும் நம்மைப் பற்றி. பக்கத்து வயல்காரன் ஒரு சாண் வரப்பை வெட்டிச் சாய்த்துவிட்டான் என்று தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இரண்டு தலைமுறை நீதிமன்றம் ஏறி இறங்கியவர்கள் நம்முள் உண்டு. வரப்பின் மதிப்பை நமக்கு ஒருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆடும் களத்தின் வரப்பை மட்டும் நாம் மதிப்பதில்லை. காலால் தாண்டுகிறோம், காலால் தாண்டாதபோது நாவால் தாண்டுகிறோம்.

நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வெண்ணாற்றை ஒட்டிய ஒரு பங்கில், திருவிழாவையொட்டிப் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு எழுவர் கால்பந்துப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இரு அணியும் ஆளுக்கொரு கோல். முடிய இன்னும் இரண்டு மூன்று நிமிடங்களே. கம்பங்களுக்குப் பின்னே வலை இல்லை. எதிரணிப் பையன் உதைத்த பந்து குறுக்குக் கழியில் பட்டுக் கீழே விழுந்தது. கோல் காத்த சிறுவன் பாய்ந்து அள்ளிக்கொண்டான். பந்து கோட்டைக் கடந்ததா இல்லையா? நடுவராய் நின்ற ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் நடுக்களத்திலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருக்கும் ஐயம்தான். அவர் கேட்கும் முன்பே சிறுவன் சொன்னான்: "உள்ளே போயிடுச்சு சார்."

நடுவர் ஊதினார். கோல். ஆட்டம் அத்துடன் முடிந்தது. அதன் பிறகு நடந்தவைதான் இக்கட்டுரைக்குக் காரணம். "உன்னை யாருடா கேட்டா?" என்று பாய்ந்து வந்தார் அணியின் பொறுப்பாளர். "பிழைக்கத் தெரியாத பய" என்றார் இன்னொருவர். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர், எதிரணிக்குக் கோப்பை வாங்கித் தந்த வள்ளல் என்று சிறுவனைக் கேலி செய்ய, வரப்பு முழுவதும் சிரித்தது. மூன்றாவதாக ஒருவர் வாய் திறந்தார். ஞாயிறுதோறும் திருப்பலியில் முன் வரிசையில் நிற்பவர். அந்த அணியில் மற்றச் சிறுவர்கள் எல்லாம் ஒரு தெரு; கோல் காத்தவன் மட்டும் வேறு தெரு. அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி, "அவனுகளைச் சேர்த்தா இப்படித்தான்" என்று அவர் கூறிய சொற்றொடரின் எஞ்சிய பகுதியை இங்கே அச்சிட நமக்கு மனமில்லை.

சிறுவன் அழவில்லை. கையுறை என்று அவன் மாட்டியிருந்த பழைய காலுறைகளைக் கழற்றிக் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுப் போனான். நாமும் அங்கேதான் நின்றோம். தேநீர்க் குவளை கையில் இருந்தது. ஒரு சொல்லும் நம் வாயிலிருந்து வரவில்லை.

இதை எடுத்துரைக்கும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: "விளையாட்டில் இதெல்லாம் சகஜம்." சூட்டில் ஒரு வார்த்தை வரும், மறுநாள் மறந்துபோகும், இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா என்பர். யாருக்கு மறந்துபோகும் என்று வினவுகிறோம். சொன்னவருக்கு மறந்துபோகும், அதில் ஐயமில்லை. ஏரின் கொழுவுக்கு எந்த மண்கட்டி நினைவிருக்கிறது? மறைக்கல்வி வகுப்பில் ஆண்டு முழுதும் 'பொய் சொல்லாதே' என்று நாம் மனப்பாடம் செய்வித்த பாடத்தை, ஒரு மாலைப் பொழுதில், கோப்பை ஒன்றின் முன்னிலையில், அதே நாம் அழித்துக் காட்டினோம். சிறுவர்கள் எந்தப் பாடத்தை நம்புவர்?

2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இதையொத்த ஒன்று நடந்தது. லாசியோ அணிக்காக ஆடிய ஜெர்மானியர் மிரோஸ்லாவ் குளோசே, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே போட்ட கோலை நடுவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். பந்து தம் கையில் பட்டது என்று குளோசே தாமே நடுவரிடம் சொன்னார், கோல் நீக்கப்பட்டது. அவருடைய அணி அன்று மூன்று கோல்களில் தோற்றது. எதிரணியினர் வந்து அவர் கையைக் குலுக்கினர். உலகச் செய்தித்தாள்கள் அவரைப் பாராட்டின. கோடிக்கணக்கில் பணம் புரளும் களத்தில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கிடைத்த மதிப்பு, சவுக்குக் கழிகளுக்கிடையே நின்ற நம் ஊர்ச் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்கும் உயராத கோப்பைக்காக நாம் அவனைத் தொலைத்தோம்.

இந்த வெறி எங்கிருந்து வருகிறது? வறுமையிலிருந்து என்பது பாதி உண்மை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்விலும் அவர்க்கெனத் தனி இடங்கள் உண்டு. மாவட்ட அளவில், மாநில அளவில் ஆடியதற்கான சான்றிதழ் ஒன்று, கடைமடைச் சிறுவிவசாயி ஒருவரின் மகனுக்கு வயலை விட்டு வெளியேறும் வாசல் ஆகலாம். ஆகவே தந்தையின் கண்ணுக்கு நடுவர் வெறும் நடுவராகத் தெரிவதில்லை. மகனின் எதிர்காலத்தை ஊதலால் ஊதி அணைக்கும் ஆளாகத் தெரிகிறார். இந்தப் பதைப்பு நமக்குப் புரியாததன்று. எனினும் பங்குத் திருவிழாப் போட்டியில் எந்தச் சான்றிதழும் இல்லை. அங்கேதான் கூச்சல் மிகுதி. அப்படியானால் மறு பாதியை வேறெங்கோ தேட வேண்டும்.

நம் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். சிறுவர் போட்டிக்கு முதல் பரிசு இத்தனை ஆயிரம் ரொக்கம், வழங்குபவர் இன்னார் என்று அவருடைய முகம் பந்தைவிடப் பெரிதாய் அச்சாகியிருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டிய அணி, கட்டிய பணத்தை மீட்க வேண்டும். எனவே பதினான்கு வயது அணிக்குப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அக்காள் ஊரிலிருந்து வந்து சேர்வான். மீசையை மழித்துக்கொண்டு வருவான். ஆதார் அட்டையின் நகல் மங்கலாய் இருக்கும். எல்லாருக்கும் தெரியும், எவரும் சொல்லார். இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. வயதுப் பிரிவு ஆட்டங்களில் மணிக்கட்டு எலும்பை ஊடுகதிர்ப் படம் எடுத்து வயதைக் கணிக்கும் நிலைக்கு இந்தியக் கால்பந்தை இட்டு வந்தவர்கள் பிள்ளைகளா? பிறப்புச் சான்றிதழைத் திருத்தும் கலை எந்தப் பன்னிரண்டு வயதுக்காரனுக்குத் தெரியும்? நாம் அல்லவோ திருத்தினோம். பிறகு, ஆட்டத்தின் நடுவே அதே பையன் அடிபடாமலே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான், சட்டையைப் பிடித்து இழுக்கிறான், நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்துகிறான் என்று வருந்துகிறோம். தொலைக்காட்சியைப் பார்த்துக் கெட்டுவிட்டானாம்.

ஒலிபெருக்கியையும் விட்டுவைக்கலாகாது. 'அடுத்த கோலுக்கு ஐந்நூறு ரூபாய் அறிவிக்கிறார் அண்ணன் இன்னார்' என்று ஆட்டத்தின் நடுவே அறிவிக்கும் வழக்கம் பல ஊர்களில் வேரூன்றிவிட்டது. ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் அந்த ஐந்நூறு ஒருவனுக்கு உரியது. அறிவிப்பு காற்றில் கரையும் முன்பே, பந்தைத் தோழனுக்குத் தள்ளிவிடும் பழக்கம் நின்றுவிடுவதைக் கண்ணாரக் காணலாம். ஆறு பேரை ஏய்த்துக்கொண்டு தனியாளாய் ஓடுகிறான் பையன். தோற்றால் ஆறு பேரும் அவனை ஏசுகிறார்கள். அண்ணன் இன்னார் இதற்குள் அடுத்த ஊர்ப் போட்டிக்குப் போய்விட்டிருப்பார்.

வெறும் கூச்சலுங்கூடத் தீங்கற்றதன்று. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் காலில் பந்து கிடைத்த நொடியில் அவன் காதில் என்னென்ன விழுகின்றன என்று ஒருநாள் வரப்பில் நின்று எண்ணிப் பார்த்தோம். பயிற்றுநர் "பின்னால் கொடு" என்கிறார். தந்தை "முன்னால் போ" என்கிறார். தாய்மாமன் "அடிடா, அடிடா" என்கிறார். சிறுவன் பந்தை நிறுத்திவிட்டுத் திரும்பி அப்பாவைப் பார்க்கிறான். அதற்குள் பந்து போய்விடுகிறது. உடனே மூவரும் சேர்ந்து வைகிறார்கள். ஆட்டம் என்பது தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தானே பிழை செய்து கற்பது. அந்த வாய்ப்பை அவனிடமிருந்து பறித்துக்கொண்டு, அதற்கு ஊக்கம் என்று பெயரிடுகிறோம்.

இந்தத் தஞ்சை மண்ணுக்கு இப்பொருளில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. அதை நம்முள் பலர் மறந்தே போயினர். சலேசிய சபையார் இந்தியாவில் முதன்முதலாக வந்து இறங்கிப் பணி தொடங்கிய ஊர் தஞ்சாவூர். 1906-ஆம் ஆண்டு சனவரி 14, பொங்கல் காலம். நமது மறைமாவட்டம் 1952-இல் தான் தனியாயிற்று; அந்நாளில் இப்பகுதி மயிலை ஆயரின் ஆளுகையில் இருந்தது. அவரது அழைப்பின் பேரில் அருள்தந்தை தொமாத்திஸ் தலைமையில் வந்த சிறு குழு, இங்கே அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றது. இன்று இந்தியா முழுதும் 'தொன் போஸ்கோ' என்ற பெயர் தாங்கி நிற்கும் பள்ளிகள், தொழிற்கூடங்கள், ஆடுகளங்கள் ஆகியவற்றின் வரலாறு நம் ஊரிலிருந்து தொடங்குகிறது.

அச்சபையை நிறுவிய புனித தொன் போஸ்கோ, இறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1884 மே 10 அன்று உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு ஒரு மடல் விடுத்தார். அம்மடலின் களம் ஆலயமன்று, வகுப்பறையுமன்று, விளையாட்டு முற்றம். கனவில் கண்டதாக இரு காட்சிகளை அதில் விவரிக்கிறார். முதற்காட்சி பழைய நாளைய முற்றம்: சிறுவர்கள் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், பந்து எறிகிறார்கள், குருக்கள் அவர்கள் நடுவே கலந்து நிற்கிறார்கள். இரண்டாவது, அன்றைய முற்றம்: ஆட்டத்தில் உயிர் இல்லை, சிறுவர் பலர் தூண்களில் சாய்ந்து கிடக்கிறார்கள். பெரியவர்கள் எங்கே? சிலர் தம்முள் பேசிக்கொண்டு உலவுகிறார்கள். சிலர் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், ஆனால் சிறுவரைப் பற்றி எண்ணவில்லை. சிலர் எட்ட நின்று கண்காணிக்கிறார்கள். சிலர் மிரட்டும் தொனியில் அதட்டுகிறார்கள். ஆட்டத்தைப் பார்த்து ஆடுபவனைக் காணாத பெரியவர்! நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தூரின் நகரத்து முற்றத்துக்கு எழுதப்பட்டது, நேற்று நம் வரப்பில் நின்றவர்களை வரிசையாய் நிறுத்தி எண்ணியதுபோல் இருக்கிறது. சிறுவரை அன்பு செய்தால் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுவதைச் சிறுவர் உணரவேண்டும் என்பதே அம்மடலின் சாரம். மகனை நேசிக்காத தந்தை வரப்பில் நின்று கத்துவதில்லை. அதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கத்தலில் மகன் எதை உணர்கிறான் என்பதே கேள்வி.

இளமையில் வாதோவிச்சே ஊரில் கோல் காத்தவரான திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 2000-ஆம் ஆண்டு யூபிலியின்போது உரோமை ஒலிம்பிக் அரங்கில் விளையாட்டு வீரர்களுடன் திருப்பலி நிறைவேற்றினார். 2018 சூனில், பொதுநிலையினர்க்கான வத்திக்கான் துறை விளையாட்டைப் பற்றித் தனி ஆவணமே வெளியிட்டது. ஊக்க மருந்து, ஊழல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் பார்வையாளரின் நடத்தையையும் அது ஓர் அறைகூவலாக எண்ணுகிறது. நமது பங்குப் பேரவைகளில் இந்த ஆவணம் பேசப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கொடிமரத்துக்கு வண்ணம் பூசுவது பற்றி மூன்று கூட்டங்கள் நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம்.

சிறுவர் ஆட்டத்தில் என்ன பெரிதாய் நேர்ந்துவிடும் என்போர் இதைக் கேட்க வேண்டும். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மெரே நகரில், தம் மகன் ஆடிய இளையோர் ஆட்டத்துக்கு எல்லைக்கோட்டு நடுவராய், ஊதியம் இன்றி, கொடி பிடித்து நின்ற ஒரு தந்தையை, எதிரணிப் பையன்கள் ஆட்டம் முடிந்ததும் உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். தண்டிக்கப்பட்டவர்களில் ஆறு பேர் வளரிளம் பருவத்தினர். ஏழாமவர் அவர்களுள் ஒருவனின் தந்தை. நம் நாட்டில், 1980 ஆகஸ்டு 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதியபோது, களத்தில் இரு ஆட்டக்காரர்களுக்கிடையே மூண்ட கைகலப்பு பார்வையாளர் மேடைக்குப் பரவி, நெரிசலில் 16 பேர் மாண்டனர். களத்தில் ஒருவன் கை ஓங்கினால் மேடையில் ஆயிரம் கை ஓங்கும்; மேடையில் ஓங்கிய கை மறுநாள் சிறுவர் களத்தில் இறங்கும்.

இனி, பேசத் தயங்கும் பொருளுக்கு வருவோம். நமது ஊர்களில் அணி என்பது பெரும்பாலும் தெரு. தெரு என்பது என்னவென்று தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பனியனின் நிறத்தைப் பார்த்தே எந்தத் தெருவென்று எல்லாரும் படித்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், அரசு நீதியரசர் கே. சந்துருவை ஒருநபர் குழுவாய் அமர்த்தியது. 2024-இல் அவர் அளித்த அறிக்கை, மாணவர்கள் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் அணிவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை நாம் கைதட்டி வரவேற்றோம். கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் நாம், அதே வண்ணத்தைப் பனியனாகத் தைத்துப் பதினொரு சிறுவர்க்கு மாட்டி, பங்கின் பெயரால் களத்தில் இறக்குகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

கிறிஸ்தவர்களிடையே சாதி இல்லை என்று மேடையில் பேசுவோர், சிறுவர் இறுதி ஆட்டம் ஒன்றின் கடைசிப் பத்து நிமிடங்கள் வரப்பில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்ளட்டும். கல்லறையிலும் தேர்ப் பவனியிலும் பெரியவர்கள் ஓரளவு மறைத்துக்கொள்ளப் பழகியது, பந்து கோலை நெருங்கும்போது வெளியே வந்து விழுகிறது. அச்சொல் விழும்போது நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். தயக்கமின்றி நிறுத்த வேண்டும். ஆட்ட விதிகளின் ஐந்தாம் விதி, வெளியார் குறுக்கீடு எத்தகையதாயினும் ஆட்டத்தை நிறுத்தவும் இடைநிறுத்தவும் அறவே கைவிடவும் நடுவர்க்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் இருந்தும் நம் நடுவர்கள் பயன்படுத்துவதில்லை. ஏனெனில் ஆட்டம் முடிந்தபின் அவர் தம் மிதிவண்டியில் அதே தெரு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். அவருக்குத் துணையாகப் பங்குத்தந்தையும் பேரவையும் வரப்பில் வந்து நிற்காவிட்டால் ஐந்தாம் விதி வெறும் காகிதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் இருக்கிறது. ஆனால் காவல் நிலையம் வரை போகும் முன், நம் பங்கிலேயே கண்டிக்கப்பட வேண்டிய சொல் அது.

அணிகளைத் தெருவாரியாக அன்றிக் குலுக்கல் முறையில் பிரிக்கலாம் என்று நாம் சொன்னபோது, "அப்படிச் செய்தால் யாரும் பார்க்க வரமாட்டார்கள்" என்று மறுத்தார் ஒருவர். மறுப்பாய்ச் சொன்னாரே ஒழிய, அதைவிட உண்மையான வாக்குமூலத்தை நாம் கேட்டதில்லை.

செய்யத்தக்கவை இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் ஆகன் நகரப் பகுதியில் தொடங்கிய நேர்மை ஆட்டமுறை ஒன்று, சின்னஞ் சிறுவர் ஆட்டங்களில் நடுவரையே நீக்கிவிட்டது. பந்து வெளியே போனதா, கை பட்டதா என்பதைச் சிறுவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரு அணிப் பயிற்றுநர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். பெற்றோர் களத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது புதிதா என்ன? பெரியவர்கள் எட்டிப் பார்க்காத மாலைகளில், தட்டைக் களத்தில், நடுவரே இல்லாமல் அவர்கள் இப்படித்தான் ஆடுகிறார்கள். தகராறு வரும், ஐந்து நிமிடம் கத்துவார்கள், பந்துக்குச் சொந்தக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவான், சமாதானம் பிறந்துவிடும். நாம் வந்து நின்றபோதுதான் கெட்டது. வரப்பிலிருந்து பதினைந்து மீட்டர், அதாவது பக்கத்து வயலின் பாதி தூரம், தள்ளி ஒரு கயிறு கட்ட நமக்கு என்ன செலவு?

2019 முதல் ஆட்ட விதிகளின்படி பயிற்றுநர்க்கும் அணிப் பொறுப்பாளர்க்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டலாம். யார் கத்தியது என்று தெரியாவிட்டால் மூத்த பயிற்றுநரே அட்டையைப் பெற வேண்டும். நம் ஊர்ப் போட்டிகளில் ஒருமுறையேனும் காட்டப்பட்டதை நாம் பார்த்ததில்லை. நடுவரிடம் அணித்தலைவன் ஒருவனே பேசலாம் என்ற முறை 2024 ஐரோப்பியக் கோப்பையில் கடைப்பிடிக்கப்பட்டது, பன்னிரண்டு வயதுத் தலைவன் ஒருவன் நடுவர் முன் கையைக் கட்டிக்கொண்டு "ஏன் சார் அது ஃபவுல்?" என்று கேட்கப் பழகுவது, தலைமைப் பண்பு பற்றிய பத்துக் கருத்தரங்குகளுக்கு ஈடு. உரோமையில் குருமாணவர்களும் குருக்களும் ஆடுவதற்கென 2007-இல் தொடங்கிய கிளேரிக்குஸ் கோப்பையிலோ நீல அட்டை ஒன்று உண்டு. அதைப் பெற்றவர் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்து தணிந்து வரவேண்டும். குருக்களுக்கே அது தேவைப்பட்டது என்பதை நினைக்க நமக்கு ஒருவகை ஆறுதல்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'நன்னடத்தைக் கோப்பை' என ஒன்று நம் போட்டிகளிலும் வழங்கப்படுகிறது. எல்லா ஆட்டத்திலும் தோற்று, பரிசு எதுவுமின்றிப் போகும் அணியின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கடைசியில் கையில் திணிக்கும் கோப்பை அது. வாங்குபவனுக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். நடத்தைக்கு மதிப்பு வேண்டுமானால் அது புள்ளிப் பட்டியலில் ஏற வேண்டும். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் என அனைத்திலும் சமமாய் நிற்க, ஜப்பானுக்கு மஞ்சள் அட்டை நான்கு, செனகலுக்கு ஆறு என்ற கணக்கில் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போயிற்று. ஆனால் அந்தக் கணக்கை அறிந்துகொண்டு ஜப்பானியர் கடைசி நிமிடங்களில் பந்தைத் தமக்குள்ளேயே தட்டிக்கொண்டு பொழுதைப் போக்கியதையும், அரங்கம் அவர்களை ஏளனம் செய்ததையும் மறைப்பது முறையன்று. விதி நடத்தையைக் கட்டும், நெஞ்சைக் கட்டாது. அதற்காக விதியே வேண்டாம் என்பது, கரை உடையலாம் என்பதற்காக ஆற்றுக்குக் கரையே வேண்டாம் என்பதைப் போன்றது.

அந்தக் கோல் காத்த சிறுவன் பிறகு பந்தைத் தொடவில்லை. இப்போது வளர்ந்துவிட்டான், திருப்பூரில் வேலை என்று அவன் அத்தை சொன்னார். சென்ற கிறிஸ்துமசுக்கு ஊர் வந்திருந்தவனை ஆலய வாசலில் கண்டோம். அன்று பேசாத நாம் அன்றைய நாளைப் பற்றிப் பேச வாயெடுத்தோம். "அதெல்லாம் விடுங்கய்யா, சின்ன வயசுல நடந்தது" என்று சிரித்தான். பிறகு, போகிற போக்கில், "பந்து உள்ளேதான் போச்சுங்கய்யா" என்றான்.

வரும் மே மாதம் அதே பங்கில் மீண்டும் சிறுவர் போட்டி. ஏற்பாட்டுக் குழுவினரை மூன்று முறை சந்தித்தோம். கயிறு கட்டச் சம்மதித்துவிட்டார்கள். ரொக்கப் பரிசுக்குப் பதில் எல்லா அணிக்கும் பந்து ஒன்று தருவதற்கும் ஒருவாறு இசைந்தார்கள். இரு அணியினரின் பெற்றோரும் ஒரே பக்கம் நிற்பது பற்றிப் பங்குத்தந்தை மறையுரையில் அறிவிப்பார். அணிகளைக் குலுக்கலில் பிரிப்பதற்குப் பேரவையில் நால்வர் ஆதரவு, எழுவர் எதிர்ப்பு. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அது நன்கொடையாளர் ஒருவருடையது.